மாலை ஏழு மணிக்கு யார் கரண்ட் கொடுப்பது?

2020 ஏப்ரல் 5, ஞாயிற்றுக்கிழமை. கொரோனா ஊரடங்கு நேரம். இரவு 9 மணிக்கு 9 நிமிடம் வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு அகல் விளக்கு ஏற்றச் சொல்லியிருந்தார் பிரதமர். மக்களும் அணைத்தார்கள். அந்தச் சில நிமிடங்களில் நாட்டின் மின்தேவை சுமார் 31,000 மெகாவாட் சரிந்தது. அதிகாரிகள் முன்கூட்டிப் போட்டிருந்த கணக்கு இதில் பாதிகூட இல்லை.

விளக்கை அணைத்தால் கரண்ட் மிச்சம்தானே, இதில் என்ன ஆபத்து என்று தோன்றும். ஆனால் மின் நிலையங்களையும் மின்தடங்களையும் ஒன்றாகக் கோக்கும் வலையான கிரிட்டைக் கண்காணிக்கும் கட்டுப்பாட்டு மையங்களில் இருந்தவர்களுக்கு அது வயிற்றைக் கலக்கிய இரவு. நாடு முழுக்க நீர்மின் நிலையங்களின் உற்பத்தியைச் சில நிமிடங்களில் 17,500 மெகாவாட் அளவுக்கு இறக்கினார்கள். விளக்குகள் திரும்ப எரியத் தொடங்கியதும் அதே வேகத்தில் ஏற்றினார்கள். கிரிட் விழவில்லை.

இவ்வளவு பாடு எதற்கென்றால், கரண்ட்டை அரிசி மூட்டைபோல் கிடங்கில் அடுக்கி வைக்க முடியாது. நீங்கள் மிக்ஸியைப் போடும் அதே நொடியில் எங்கோ ஒரு ஜெனரேட்டர் அந்தக் கூடுதல் சுமையை இழுத்தாக வேண்டும். நாட்டின் பெரிய ஜெனரேட்டர்கள் எல்லாம் ஒரே தேர் வடத்தைப் பிடித்திருக்கும் ஆட்கள். வேகம் எல்லாருக்கும் ஒன்றுதான். சுமை கூடினால் மொத்தத் தேரும் தயங்கும், திடீரென்று குறைந்தால் முன்னால் பாயும். அந்த வேகத்துக்குப் பெயர் அதிர்வெண். நம் நாட்டில் அது 50 ஹெர்ட்ஸ், 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் நிற்க வேண்டும் என்பது விதி. அந்த ஏப்ரல் இரவில் 50.26 வரை ஏறி, 49.70 வரை இறங்கியது. கட்டுக்கு மீறிப் போனால், இயந்திரங்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். மிச்சமிருப்பவை தலையில் இன்னும் பாரம் ஏறும், அவையும் கழலும். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட, கிழக்கு இந்தியாவில் கிரிட் இப்படி ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றுதான் சரிந்தது. இரண்டாம் நாள் மட்டும் 60 கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி இருண்டது. தெற்கு தப்பியதற்குக் காரணம் நம் சாமர்த்தியம் இல்லை. அப்போது தென்னக கிரிட் மற்றவற்றோடு ஒரே ஓட்டமாக இணைக்கப்படவில்லை. ராய்ச்சூர் - சோலாப்பூர் வழித்தடம் வந்து அது இணைந்தது 2013 டிசம்பர் கடைசி நாளில்தான்.

இவ்வளவும் சொல்லக் காரணம் உண்டு. எந்த மின்சாரம் நல்லது, எது பூமிக்குக் கேடு செய்யாதது என்று பேசும்போது நாம் பெரும்பாலும் எத்தனை மெகாவாட் நிறுவியிருக்கிறோம் என்ற எண்ணைப் பிடித்துக்கொள்கிறோம். நான் முதலில் பார்ப்பது வேறு: அந்தக் கரண்ட் எத்தனை மணிக்கு வருகிறது? தமிழ்நாட்டை வைத்தே இதைப் பார்க்கலாம். காற்று, சூரியன், அணு, நிலக்கரி, பழுப்பு நிலக்கரி, அருவி என்று எல்லா வகையும் இங்கே இருக்கின்றன.

உற்பத்தி நடக்கும் முறையில் பெரிய மர்மம் கிடையாது. காந்தத்தைக் கம்பிச் சுருளின் அருகே சுழற்றினால் கம்பியில் மின்சாரம் பாயும் என்று மைக்கேல் ஃபாரடே 1831-ல் காட்டினார். இன்றைக்கும் சூரிய ஒளித்தகடு தவிர மற்ற எல்லாமே அந்தச் சுழற்றலின் வெவ்வேறு வழிகள். எதைக் கொண்டு சுழற்றுகிறோம் என்பதில்தான் வித்தியாசம்: அருவியில் தண்ணீர், காற்றாலையில் காற்று, அனல் நிலையத்திலும் அணு நிலையத்திலும் நீராவி.

ஒரு யூனிட் என்றால் எவ்வளவு என்பதைக் கொஞ்சம் உணர்ந்துகொள்வது நல்லது. ஒரு மெகாவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஆயிரம் யூனிட். மொட்டை மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டி நிறையத் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். அதை 367 மீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டால், வழியில் துளியும் இழப்பில்லை என்றால்கூட, கிடைப்பது சரியாக ஒரு யூனிட். ஒரு டன் ஏசி ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அதைத் தின்று முடித்துவிடும். 1932-ல் நீலகிரியில் பைக்காரா நிலையம் தொடங்கியது முதல் மலையிலிருந்து இப்படித் தண்ணீரை இறக்கித்தான் நாம் கரண்ட் எடுக்கிறோம். சட்டென்று ஏற்றி இறக்க இதைவிட நல்லது வேறில்லை. அந்த ஏப்ரல் இரவில் கைகொடுத்ததும் இதுதான். ஆனால் தமிழ்நாட்டின் மொத்த நீர்மின் திறன் சுமார் 2,300 மெகாவாட். மழை பொய்த்தால் அதுவும் இல்லை. புதிதாகப் பெரிய அணை கட்ட இடமும் இல்லை.

அனல் நிலையத்தின் கணக்கு வேறு மாதிரி. நம் ஊர் நிலக்கரியில் ஒரு யூனிட் எடுக்கச் சுமார் 700 கிராம் எரிக்க வேண்டும். தூத்துக்குடியில் இருப்பதைப் போன்ற ஒரு 210 மெகாவாட் இயந்திரம் நாள் முழுக்க முழு மூச்சில் ஓடினால் 3,500 டன் போய்விடும். கிட்டத்தட்ட ஒரு முழு சரக்கு ரயில்! ஒடிசாவின் தால்சேரில் வெட்டி, ரயிலில் பாரதீப் கொண்டுவந்து, கப்பலேற்றி எண்ணூரிலோ தூத்துக்குடியிலோ இறக்குகிறோம். அப்படி வருவதில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் சாம்பல், அதாவது அந்த ஓர் இயந்திரத்துக்கு நாளொன்றுக்கு ஆயிரம் டன்னுக்கும் மேல். அதை எங்கே கொட்டுவது? கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் மீன்பிடிக்கும் எண்ணூர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். எரித்த வெப்பத்திலும் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் கரண்ட் ஆகிறது. மற்றது குளிர்விக்கும் நீரோடும் புகைபோக்கி வழியாகவும் போய்விடுகிறது.

நெய்வேலியின் கதை தனி. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக எதுவோ வந்ததில் தொடங்கியது அது. 1956-ல் நிறுவனம் வந்தது, 1962-ல் மின் உற்பத்தி தொடங்கியது. சுரங்கத்தின் வாசலிலேயே மின் நிலையம் இருப்பதால் ரயிலும் கப்பலும் வேண்டாம். ஆனால் பழுப்பு நிலக்கரியில் பாதி ஈரம், அதனால் அதிகம் எரிக்க வேண்டும், அதிகம் தோண்ட வேண்டும். தோண்டுமிடத்தில் ஊர்கள் இருக்கின்றன. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் முற்றாத நெற்பயிர் மேல் பொக்லைன் ஓடிய காட்சி பலருக்கு நினைவிருக்கும்.

இவ்வளவு குறை இருந்தும் அனல் நிலையங்களை ஏன் மூட முடியவில்லை என்றால், இருட்டிலும் அவை ஓடும். காற்று நின்றாலும் ஓடும். அவற்றின் கோளாறு எதிர்த்திசையில் இருக்கிறது: நினைத்த நேரத்தில் நிறுத்த முடியாது. ஆறிப்போன கொதிகலனைத் திரும்பச் சூடேற்றி வரிசையில் கொண்டுவரப் பல மணி நேரம் ஆகும். அதனால் மதியம் தேவையில்லாவிட்டாலும் பாதிக்குச் சற்று மேலான சுமையில் அணையாமல் ஓட்டிக்கொண்டே இருக்கிறார்கள், சாயங்காலம் தேவைப்படுமே என்று.

அணுமின்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் இருப்பவை கரியமில வாயுவைக் கக்காமல் இரவு பகலாக ஒரே சீராக ஓடுபவை. கூடங்குளத்தில் ஓடும் இரண்டு உலைகளும் தலா 1,000 மெகாவாட். அதில் ஒரு பங்குதான் நமக்கு, மற்றது அண்டை மாநிலங்களுக்கு. இடிந்தகரை மக்கள் எழுப்பிய கேள்விகளில் கழிவைக் கடைசியாக எங்கே வைப்பது என்பதற்கு இன்னும் முழுப் பதில் வரவில்லை. கட்டி முடிக்க ஆகும் காலமும் அதிகம். அடுத்த பத்தாண்டின் சாயங்காலங்களுக்கு இதை நம்பித் திட்டம் போட முடியாது என்பது என் எண்ணம்.

காற்றுக்கு வருவோம். இங்கேதான் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடி. 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் சோதனையாகத் தொடங்கியது, இன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டி நிற்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை சுவர்போல் தடுக்க, தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் கணவாய்களில் நெருக்கிக்கொண்டு பாய்கிறது. நெருக்கும்போது வேகம் கூடும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருந்து எடுக்கக்கூடிய ஆற்றல் எட்டு மடங்கு. ஆரல்வாய்மொழிக் கணவாயில் இருக்கும் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் குவிந்திருப்பதன் ரகசியம் இதுதான். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்!

இந்தக் காற்றாலைகள் சுற்றுச்சூழல் அக்கறையால் மட்டும் வந்தவை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1990-களில் காற்றாலை வாங்கினால் அதன் முழு விலையையும் முதல் ஆண்டே தேய்மானமாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்று சலுகை இருந்தது. கோவை, திருப்பூர், ராஜபாளையம் மில்காரர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். வரியும் மிச்சம், மில்லுக்குக் கரண்ட்டும் ஆச்சு. நோக்கம் எதுவானாலும் நல்லது நடந்தது, அதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் அதன் பின்விளைவு இன்னும் தொடர்கிறது. அன்று வைத்தவை 225, 250 கிலோவாட் குட்டி இயந்திரங்கள். இன்றைய இயந்திரம் ஒன்று 2,000, 3,000 கிலோவாட், உயரமும் நூறு மீட்டருக்கு மேல். நாட்டிலேயே மிகச் சிறந்த காற்று வீசும் இடங்களை அந்தப் பழைய குட்டிகள் அடைத்துக்கொண்டு நிற்கின்றன. பெரியது ஒன்று வைக்கக் குட்டிகள் பலவற்றை எடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு முதலாளி, ஒரு துண்டு நிலம். பழையதை மாற்றுவதற்கென்று மாநில அரசு 2024-ல் தனிக் கொள்கையே கொண்டுவந்தது. புதுக் காடு கழனி எதையும் தொடாமல் உற்பத்தியைக் கூட்ட இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

காற்றின் நேரக் கணக்கு என்ன? மே முதல் செப்டம்பர் வரை சீசன். அப்போது இருட்டிய பிறகும் வீசும்; சாயங்காலத்துக்கு உண்மையாகவே உதவும். 2022 ஜூலையில் ஒரே நாளில் 12 கோடி யூனிட் காற்றாலைகளிலிருந்து மட்டும் எடுத்திருக்கிறோம். அக்டோபருக்கு மேல் படுத்துவிடும். சீசனிலேயே ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மெகாவாட் ஏறும், இறங்கும். கிரிட்டால் எடுத்துக்கொள்ள முடியாத நேரத்தில் காற்றாலைகளை நிறுத்தச் சொல்வதும் நடக்கிறது. வீசும் காற்றை வேண்டாம் என்று திருப்பி அனுப்புவது காற்றாலைக்காரர்களின் தீராத வயிற்றெரிச்சல்.

அப்புறம் சூரியன். 2016-ல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் நிலையம் வந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அதற்கு யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு தருவதாக ஒப்பந்தம். 2017 மே மாதம் ராஜஸ்தானின் பட்லாவில் நடந்த ஏலத்தில் விலை 2 ரூபாய் 44 காசுக்கு வந்துவிட்டது. அவசரப்பட்டவர்களுக்கு நட்டம் என்று சொல்லலாம். யாராவது முதலில் வாங்கியதால்தான் விலை இறங்கியது என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. எப்படியானாலும் இன்று புதிதாகக் கட்டுவதில் சோலாரைவிட மலிவு வேறில்லை, மதிய நேரத்துக்கு மட்டும் கணக்குப் பார்த்தால்.

அந்த "மதிய நேரத்துக்கு மட்டும்" என்பதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. 2024 மே 2-ல் தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட் வரை போனது. வெயில் நேரத்துத் தேவையைச் சோலார் நன்றாகவே தாங்குகிறது. ஆனால் மாலை ஐந்தரைக்கு அது விடைபெறத் தொடங்கும். ஆபீஸிலிருந்து வீடு திரும்பியவர்கள் லைட், டிவி, ஏசி என்று போட ஆரம்பிப்பதும் அதே நேரம்தான். ஒரு பக்கம் வழங்கல் இறங்க, மறுபக்கம் தேவை ஏற, இரண்டு மணி நேரத்துக்குள் பெரும் பள்ளம் விழுகிறது. மின்சாரச் சந்தையின் விலையைப் பார்த்தாலே புரியும். கோடை மதியங்களில் 2, 3 ரூபாய்க்குக் கிடைக்கும் அதே யூனிட், சாயங்காலமானால் சந்தை உச்சவரம்பான 10 ரூபாயில் போய் முட்டிக்கொண்டு நிற்கும்.

அப்படியானால் மதியத்தைச் சேமித்து மாலைக்குக் கொடுத்தால் என்ன? கோவை மாவட்டத்தில் ஆழியாறுக்கு மேலே காடம்பாறையில் அதைத்தான் செய்கிறார்கள், 1980-களின் கடைசியிலிருந்தே. மேலே ஒரு நீர்த்தேக்கம், கீழே ஒரு நீர்த்தேக்கம், மலைக்குள் குடைந்த நிலவறையில் தலா 100 மெகாவாட் இயந்திரங்கள் நான்கு. கரண்ட் உபரியாக இருக்கும்போது அதே இயந்திரங்கள் பம்பாக மாறித் தண்ணீரை மேலே ஏற்றும். தட்டுப்பாடு வரும்போது இறக்கிவிட்டு உற்பத்தி செய்யும். நான்கு யூனிட் போட்டால் மூன்று திரும்பக் கிடைக்கும். கட்டியபோது நள்ளிரவில் அனல் நிலையங்கள் தரும் உபரியை மனதில் வைத்துக் கட்டினார்கள். இன்று அதே அமைப்பு நண்பகல் சோலாருக்குப் பொருந்துகிறது.

ஆனால் அளவைப் பாருங்கள். மாலை ஆறிலிருந்து பத்து வரை சராசரியாக 16,000 மெகாவாட் தேவை என்று வைத்துக்கொண்டால், அந்த நாலு மணி நேரத்துக்கு 6 கோடியே 40 லட்சம் யூனிட். காடம்பாறை முழு மூச்சில் ஓடினால் தருவது 16 லட்சம். நீலகிரியில் ஏற்கெனவே இருக்கும் போர்த்திமந்து, அவலாஞ்சி - எமரால்டு அணைகளை வைத்தே குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இன்னொன்று கட்டும் வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. பேட்டரி விலை இறங்கிவருவதால் துணைமின் நிலையத்திலேயே பேட்டரிக் கொட்டகை வைக்கும் திட்டங்களுக்கு இனி வேகம் கூடும். அரசு அடுத்த நூறு கோடியை எங்கே போட வேண்டும் என்று என்னைக் கேட்டால், இன்னொரு சோலார் பூங்காவைவிடச் சேமிப்புக்கும் பழைய காற்றாலைகளை மாற்றுவதற்கும் என்றுதான் சொல்வேன்.

சரி, வீட்டுக்கு வருவோம். மாடியில் சோலார் போடலாமா என்பதுதான் பலரும் கேட்பது.

ஒரு கிலோவாட் தகடு தமிழ்நாட்டில் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். நிழல் விழாத சுமார் 100 சதுர அடி வேண்டும். பிரதமர் சூர்யகர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டுகிற வீட்டுக்கு இது யோசிக்காமல் போடக்கூடியது. தாண்டியதும் சலுகைகள் குறைந்து மேல் அடுக்குக் கட்டணம் கடிக்க ஆரம்பிக்கும். 2 கிலோவாட் போட்டாலே இரண்டு மாதத்துக்கு 480 யூனிட் கழிந்துவிடும். 200 யூனிட்டுக்குள் முடிக்கிற வீட்டுக்கோ முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த நூறும் மலிவு. அவர்கள் கடன் வாங்கிச் சோலார் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

விற்பவர்கள் அழுத்திச் சொல்லாத இரண்டு விஷயங்கள் உண்டு. மே வெயிலில் தகடு பிரமாதமாக வேலை செய்யும் என்று நினைப்போம். ஆனால் அதற்கு வேண்டியது வெளிச்சம்தான், சூடு ஆகாது. தகட்டின் திறனை அளப்பது 25 டிகிரியில். மொட்டை மாடியில் அது 60 டிகிரியைத் தொடும்போது, டிகிரிக்கு 0.35 முதல் 0.4 சதவீதம் என்று குறைந்து, எட்டில் ஒரு பங்கு போய்விடும். மாடித் தளத்திலிருந்து ஓரிரு அடி உயர்த்தி, அடியில் காற்று போகும்படி பொருத்துவது இதற்காகத்தான். இரண்டாவது, கரண்ட் கட் ஆனால் உங்கள் சோலாரும் நின்றுவிடும். லைனில் ஏறி வேலை பார்க்கும் ஊழியர் மேல் உங்கள் மாடிக் கரண்ட் பாயக்கூடாது என்பதற்காக இன்வெர்ட்டர் தானே அணைந்துகொள்ளும். பேட்டரியோடு கூடிய அமைப்பு இருந்தால்தான் கட் நேரத்தில் ஃபேன் ஓடும்.

வீடு தெருவுக்குக் கொடுத்ததை வாங்கியதிலிருந்து கழித்துக் காட்டும் நெட் மீட்டர் வைத்த வீட்டின் பில் பூஜ்ஜியம் காட்டலாம். அதனால் அந்த வீடு நிலக்கரியை விட்டுவிட்டது என்று ஆகாது. மதியம் ஆளில்லாத வீட்டிலிருந்து கரண்ட் தெருவுக்குப் போகிறது. இரவு அதே வீடு எண்ணூரிலிருந்தும் நெய்வேலியிலிருந்தும் வாங்கிக்கொள்கிறது. வரவு செலவு நேராகிறது, நேரம் நேராகவில்லை.

அதனால் சோலாருக்கு முன்னால் தலைக்கு மேல் சுற்றுவதைப் பாருங்கள் என்பேன். பழைய ஃபேன் ஒன்று 75 வாட், கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்டுக்குள். நாளுக்குப் பத்து மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கு 27 யூனிட் மிச்சம், நான்கு ஃபேனுக்கு 108. ஏறக்குறைய அரை கிலோவாட் சோலார் தருகிற யூனிட் அது. அதிலும் பெரும்பகுதி, சோலார் எட்டிப் பார்க்காத சாயங்காலத்திலும் ராத்திரியிலும் மிச்சமாகிறது. காலையில் கெய்சர் போடும் வீட்டில் சூரிய வெந்நீர்க் கலன் வைத்தால், முந்தைய நாள் வெயிலே மறுநாள் குளியலுக்கு ஆகும். தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது, வாஷிங் மெஷின், கிரைண்டர் ஆகிய மூன்றும் எந்த நேரத்திலும் ஓடக்கூடியவை. அவற்றைப் பதினோரு மணியிலிருந்து மூன்று மணிக்குள் தள்ளினால் கிரிட்டுக்கு அது காசே செலவில்லாத பேட்டரி.

இப்போதைக்கு வீட்டுக்காரர் இப்படி நேரத்தை மாற்றினாலும் பில்லில் ஒரு பைசா குறையாது. மதிய யூனிட்டுக்கும் மாலை யூனிட்டுக்கும் ஒரே விலை போடும் வரை யாரும் மோட்டார் சுவிட்ச்சைப் பதினோரு மணிக்குத் தேடிப்போகப் போவதில்லை. 2023-ல் மத்திய அரசு திருத்திய நுகர்வோர் விதிகளின்படி, எந்த நேரத்தில் எவ்வளவு எடுத்தோம் என்று தனித்தனியாகக் கணக்கெடுக்கும் ஸ்மார்ட் மீட்டர் வந்த இடங்களில் வெயில் நேரக் கட்டணம் வழக்கத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைய வேண்டும், உச்ச நேரத்துக்குக் கூட வேண்டும். விவசாயத்துக்கு மட்டும் விலக்கு. மில்களுக்கு இது புதிதில்லை. உயர் அழுத்த இணைப்பு வைத்திருப்பவர்கள் பல ஆண்டுகளாகவே காலை, மாலை உச்ச நேரத்துக்குக் கூடுதலாகக் கட்டிவருகிறார்கள், முடிந்த வேலையை அந்த நேரத்துக்கு வெளியே தள்ளியும் வருகிறார்கள்.